ஐஎல்-6ஐக் கண்டுபிடித்தவர்கள் ஏன் அதன் ஏற்பியைப் பிடித்துக்கொண்டார்கள்? கிஷிமோட்டோவின் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால்

கொரோனா இரண்டாவது அலையில் டோசிலிசுமாப் என்ற பெயரை மருத்துவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூடத் தெரிந்துவைத்திருந்தார்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியா முழுக்க அதற்குத் தட்டுப்பாடு, ஐசியு வாசலில் நின்றபடி எங்கே கிடைக்கும் என்று ஃபோனில் தேடிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஊசி கொரோனாவுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. முடக்குவாதத்துக்காக வந்தது, அதற்கும் முன்னால் கேசில்மேன் நோய் என்ற அரிய நோய்க்காக வந்தது, அதற்கும் முன்னால் ஒரு ரத்தப் புற்றுநோயை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டது. இதையெல்லாம் பின்னோக்கித் தொடர்ந்தால் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வகத்தில் போய் நிற்கும். அங்கே இருந்தவர் தடாமிட்சு கிஷிமோட்டோ. அவர் குழு துரத்தியது ஐஎல்-6 என்ற புரதத்தையும், செல்லின் மேற்பரப்பில் அது போய் ஒட்டும் ஏற்பி என்ற இன்னொரு புரதத்தையும். டோசிலிசுமாப் அடைப்பது அந்த ஏற்பியைத்தான்.

அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் மிக நீளம். இதைப் பொதுவாக எல்லோரும் எண்ணிக்கையாகத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-இன்டெக்ஸ் என்ற மேற்கோள் கணக்கு எவ்வளவு. எனக்கு அந்தப் பட்டியல் வேறு காரணத்துக்காக முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு கட்டுரையும் அதற்கு முந்தைய கட்டுரை பதில் சொல்லாமல் விட்டுப்போன கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அப்படியே ஒன்றைத் தொட்டு ஒன்றாக முப்பத்தைந்து வருடம் போய், கடைசியில் ஒரு மருந்தில் முடிகிறது. நோயெதிர்ப்பியலில் இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுக் காட்டக்கூடிய பட்டியல்கள் குறைவு.

படிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கிஷிமோட்டோவின் முக்கியமான கட்டுரைகள் பலவற்றில் அவர் பெயர் கடைசியில்தான் இருக்கும். முதலில் இருப்பவர்கள் ஹிரானோ, யமசாகி, டாகா, ஹிபி, அகிரா, நாகா, நிஷிமோட்டோ என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பெயர்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும்.

கதை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆரம்பிக்கிறது. கிஷிமோட்டோ 1939ல் பிறந்து, ஒசாகாவில் மருத்துவம் படித்து, யுயிச்சி யமமுராவிடம் ஆராய்ச்சி பழகி, பிறகு கிமிஷிகே இஷிசாகாவிடம் போனவர். இஷிசாகா என்றால் ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தவர். ஆன்டிபாடியைச் சுரப்பவை பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், ஆனால் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களின் உதவி இல்லாமல் அவை சரியாக வேலை செய்வதில்லை என்பது அப்போது ஏற்கெனவே தெரியும். அந்த உதவி எப்படிப் போகிறது, இரண்டு செல்களும் தொட்டுக்கொள்ள வேண்டுமா, அல்லது டி செல் எதையாவது வெளியே விடுகிறதா? 1973ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, டி செல்களை வளர்த்த திரவத்திலேயே ஆன்டிபாடி உற்பத்தியைக் கூட்டும் கரையும் பொருட்கள் இருப்பதைக் காட்டியது. பொருள் என்ன என்று தெரியாது, பெயரும் கிடையாது. திரவத்தில் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘ஏதோ’வைப் பிடிக்க இன்னும் பதின்மூன்று வருடம் ஆனது.

பிடித்ததில் பெரிய பங்கு தோஷியோ ஹிரானோவுடையது. அவர் ஒசாகா பக்கம் ஒரு மருத்துவமனையில் மருத்துவராக இருந்தபோது, காசநோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரை எடுத்து ஆராய்ந்தார். அதிலிருந்த டி செல்கள் இந்தப் பொருளை ஏராளமாகச் சுரப்பதைப் பார்த்தார். பிறகு இந்தப் பொருளைச் சுரக்கும் ஒரு டி செல் வரிசையை நிறைய வளர்த்து, அதன் திரவத்தைப் படிப்படியாகச் சுத்திகரித்து, புரதத்தின் அமினோ அமில வரிசையின் ஒரு பகுதியைப் படித்து, அதை வைத்து மரபணுவைத் தேடினார்கள். 1986ல் நேச்சர் இதழில் அந்த மரபணு வெளியானது. 212 அமினோ அமிலங்களாக உருவாகி, முன்பகுதி வெட்டப்பட்டு, 184 அமினோ அமிலங்களுடன் வெளியே வரும் ஒரு சிறிய புரதம். அவர்கள் அதற்கு பிஎஸ்எஃப்-2 என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வரிசை வெளியானதும் பார்த்தால், அதே புரதத்தை வேறு பலரும் வேறு வேறு பெயரில் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்டர்ஃபெரான்-பீட்டா-2 என்று ஒரு குழு, 26 கிலோடால்டன் புரதம் என்று இன்னொரு குழு, பிளாஸ்மா செல் கட்டிகளை வளர்க்கும் காரணி என்று மற்றொன்று, கல்லீரல் செல்களைத் தூண்டும் காரணி என்று வேறொன்று. எல்லாம் ஒன்றே. ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 1980களின் முடிவுக்குள் இன்டர்லூகின்-6, சுருக்கமாக ஐஎல்-6 என்ற பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். கிஷிமோட்டோ குழு மட்டும்தான் இதைக் கண்டுபிடித்தது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை. முதலில் பார்த்தவர்கள் பலர். ஆனால் அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஒசாகா குழு தனியாகத் தெரிகிறது.

பெயர்கள் ஒன்றானதும் ஒரு பெரிய சங்கடம் வந்தது. ஒரே புரதம் பி செல்லை ஆன்டிபாடி சுரக்க வைக்கிறது, கல்லீரலை, அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் சிஆர்பி போன்ற புரதங்களைக் கொட்ட வைக்கிறது, எலும்பு மஜ்ஜையிலும் வேலை செய்கிறது, காய்ச்சலுக்கும் காரணமாக இருக்கிறது. இது எப்படி? அதற்கு நேர் எதிரான கேள்வியும் இருந்தது: ஐஎல்-6 செய்யும் வேலைகளில் பலவற்றை அதோடு உருவ ஒற்றுமை அதிகம் இல்லாத வேறு சைட்டோகைன்களும் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்கள், ஐஎல்-6உம் அதில் ஒன்று) செய்கின்றன, அது எப்படி? புரதத்தையே எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காது. பதில் செல்லின் மேற்பரப்பில், அந்தப் புரதம் போய் ஒட்டும் ஏற்பியில் இருக்க வேண்டும்.

1988ல் யமசாகி முதல் பெயராக, சயின்ஸ் இதழில் ஐஎல்-6 ஏற்பியின் மரபணு வந்தது. 468 அமினோ அமிலங்கள். செல்லுக்கு உள்ளே நீண்டிருக்கும் பகுதி மட்டும் ஏமாற்றமளிக்கும்படி குட்டை, வெறும் 82 அமினோ அமிலங்கள். செய்தியை உள்ளே கடத்தும் என்று சொல்லத்தக்க எந்த அமைப்பும் அதில் இல்லை. பலர் இந்த இடத்தில், ‘ஏற்பி கிடைத்துவிட்டது, அடுத்த வேலை’ என்று நகர்ந்திருப்பார்கள்.

டாகாவின் 1989 கட்டுரை, செல் இதழில் வந்தது, என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலிலேயே சிறந்தது இதுதான். அவர்கள் ஏற்பியின் உள்பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தார்கள். செய்தி அப்போதும் உள்ளே போனது. அப்படியானால் கடத்துவது இந்த ஏற்பி இல்லை, பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. ஐஎல்-6 தன் ஏற்பியில் ஒட்டியதும் 130 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு புரதம் வந்து சேர்கிறது என்று காட்டினார்கள், அதற்கு ஜிபி130 என்று பெயர். அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: செல்லில் பதியாமல் வெளியே மிதக்கும் ஏற்பித் துண்டும்கூட ஐஎல்-6ஐப் பிடித்துக்கொண்டு போய் ஜிபி130ஐத் தூண்டிவிட முடிகிறது. வழக்கமாக, மிதக்கும் ஏற்பி என்றால் சைட்டோகைனைப் பிடித்து முடக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே அது வேலையைக் கூட்டுகிறது. இதன் விளைவை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

1990ல் ஹிபி ஜிபி130இன் மரபணுவை வெளியிட்டார். அதற்கடுத்த சில வருடங்களில், ஒசாகாவிலும் மற்ற ஆய்வகங்களிலும் சேர்ந்து, எல்ஐஎஃப், ஆன்கோஸ்டாட்டின் எம், சிஎன்டிஎஃப், ஐஎல்-11 என்ற சைட்டோகைன்கள் எல்லாம் இதே ஜிபி130 வழியாகத்தான் செய்தியை அனுப்புகின்றன என்பது தெரியவந்தது. வீட்டுக்கு வீடு மீட்டர் வேறு, ஆனால் தெருவுக்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்பதுபோல, ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி தனித்தனி, கடத்தும் புரதம் பொது. எந்தச் செல்லுக்கு எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்தச் சைட்டோகைனுக்கு அது பதில் சொல்லும் என்பது மாறுகிறது. உள்ளே போனபிறகு வழி ஒன்றாக இருப்பதால் விளைவுகள் ஒத்துப்போகின்றன. வேறு வேறு சைட்டோகைன்கள் ஒரே வேலையைச் செய்வது ஏன் என்பதற்கான பதில் இதுதான். ஐஎல்-2 குடும்பத்திலும் இதே மாதிரி ஒரு பொதுச் சங்கிலி இருப்பது பின்னர் தெரிந்தது. அந்தச் சங்கிலியின் மரபணு கெட்டுப்போனால்தான் ஆண் குழந்தைகள் நோயெதிர்ப்பே இல்லாமல் பிறக்கும் எக்ஸ்-சிட் நோய் வருகிறது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வாரன் லெனார்டு குழு 1993ல் காட்டியது.

செல்லுக்கு உள்ளே நடப்பதைத் துரத்தியவர் ஷிசுவோ அகிரா. மரபணுக்களை இயக்கிவிடும் காரணிகள் இரண்டு அவர் கையில் கிடைத்தன: 1990ல் என்எஃப்-ஐஎல்6 என்ற காரணி, 1994ல் இன்று ஸ்டாட்3 என்று அழைக்கப்படும் காரணி. ஸ்டாட்3ஐ அதே வருடம் நியூயார்க்கில் ஜேம்ஸ் டார்னெல் குழுவும் தனியாகக் கண்டுபிடித்தது. 1997ல் நாகா முதல் பெயராக, இந்தச் செய்தியை நிறுத்தும் பிரேக் புரதம் வந்தது. நேச்சரின் அதே இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கட்டுரை, ஜப்பானின் இன்னொரு குழுவிலிருந்து மற்றொன்று, மூன்றும் ஒரே புரதத்தைப் பற்றி, மூன்று பெயரில்! இன்று எல்லோரும் ஆஸ்திரேலியக் குழு வைத்த சாக்ஸ்-1 என்ற பெயரையே சொல்கிறார்கள். அகிரா பின்னர் கிருமிகளை அடையாளம் காணும் டோல் ஏற்பிகள் பக்கம் போய் அந்தத் துறையின் முக்கியமான பெயர்களில் ஒன்றானார்.

இதுவரை சொன்னது ஒரு கோடு. இதோடு இணையாக இன்னொரு கோடும் ஓடுகிறது, அது நோயாளிகளைப் பற்றியது. கிஷிமோட்டோவும் ஹிரானோவும் மருத்துவர்கள் என்பதால்தான் இது சாத்தியமானது என்று நினைக்கிறேன். இதயத்துக்குள் மிக்சோமா என்ற, புற்றுநோய் அல்லாத கட்டி வரும் சிலருக்கு காய்ச்சல், மூட்டுவலி, ரத்தத்தில் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி எல்லாம் வரும். கட்டியை வெட்டி எடுத்தால் எல்லாம் போய்விடும். அந்தக் கட்டியின் செல்கள் ஐஎல்-6ஐக் கொட்டுகின்றன என்று 1987ல் எழுதினார்கள். ஒரு கட்டி, ஒரு சைட்டோகைன், அதை எடுத்தால் நோய் இல்லை. ஐஎல்-6 நோயை உண்டாக்கும் என்பதற்கு மனிதர்களிடமிருந்தே கிடைத்த சான்று அது. 1988ல் முடக்குவாத நோயாளிகளின் மூட்டு நீரில் ஐஎல்-6 அதிகம் என்று காட்டினார்கள். அதே வருடம் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயில் செல்கள் தாங்களே சுரக்கும் ஐஎல்-6ஆல் தாங்களே வளர்கின்றன என்று வந்தது. 1989ல் யோஷிசாகி, கேசில்மேன் நோயில் வீங்கும் நிணநீர்க்கணுக்கள்தான் ஐஎல்-6இன் ஊற்று என்று காட்டினார்.

சரி, அப்படியென்றால் ஐஎல்-6ஐத் தடுக்கலாமே? ஐரோப்பாவில் மைலோமா நோயாளிகளுக்கு எலி ஆன்டிபாடி கொடுத்து நேரடியாக ஐஎல்-6ஐப் பிடித்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடியோடு ஒட்டிய ஐஎல்-6 உடலை விட்டு வெளியேறாமல் ரத்தத்திலேயே தேங்கிக்கொண்டது. நோயின்போது ஐஎல்-6 சுரப்பு பல மடங்கு ஏறவும் செய்யும், அதை முழுக்கப் பிடிக்க எவ்வளவு ஆன்டிபாடி ஊற்றுவது? ஏற்பியின் எண்ணிக்கை அப்படி எகிறாது. அதை அடைத்துவிட்டால் ஐஎல்-6 எவ்வளவு சுரந்தாலும் ஒட்ட இடமில்லை, மிதக்கும் ஏற்பியும் அதோடு சேர்ந்து அடைபடும். ஒசாகா குழு ஏற்பியைத் தேர்ந்தெடுத்தது. ஏற்பிக்கு எதிரான ஒரு எலி ஆன்டிபாடியை 1989லேயே செய்து வைத்திருந்தார்கள். சுகாய் மருந்து நிறுவனத்தோடும் பிரிட்டனின் எம்ஆர்சி (மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வாளர்களோடும் சேர்ந்து அதன் பிடிக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மனித ஆன்டிபாடியாக மாற்றி 1993ல் வெளியிட்டார்கள். அதுதான் டோசிலிசுமாப். ஆரம்பத்தில் அதற்கு இருந்த எம்ஆர்ஏ என்ற குறியீட்டில் முதல் எழுத்து மைலோமாவைக் குறித்தது.

மைலோமாவில் அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. பின்னாளில் ஐஎல்-6ஐயே நேரடியாகத் தடுக்கும் இன்னொரு ஆன்டிபாடியும் மைலோமாவில் கைகொடுக்கவில்லை. சோதனைக் குழாயில் ஒரு புற்றுநோய் ஒரு சைட்டோகைனைச் சார்ந்திருக்கிறது என்றால், மனித உடலிலும் அதைத் தடுத்தால் அடங்கிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பட்டியலைப் பாராட்டி எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக் கூடாது.

கைகொடுத்தது கேசில்மேன் நோய். 2000ல் நிஷிமோட்டோ முதல் பெயராக வந்த கட்டுரையில் வெறும் ஏழு நோயாளிகள். ஆனால் காய்ச்சலும் சோர்வும் போனது, ரத்தசோகை சரியானது, நிணநீர்க்கணு வீக்கம் குறைந்தது. 2005ல் ஜப்பான் அந்த நோய்க்கு மருந்தை அனுமதித்தது. 2008ல் முடக்குவாதத்துக்கும் குழந்தைகளின் மூட்டுநோய்க்கும் அனுமதி, 2009ல் ஐரோப்பா, 2010ல் அமெரிக்கா. 2008ல் லான்செட்டில் வந்த ஆப்ஷன் என்ற சோதனையில் 623 முடக்குவாத நோயாளிகள்: அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேருக்குக் குறைந்தபட்ச முன்னேற்ற அளவுகோல் எட்டப்பட்டது, வெற்று ஊசி பெற்றவர்களில் 26 சதவீதம்.

மருந்து கொடுத்தபிறகு நடப்பதில் இரண்டு விஷயங்கள் முதலில் பார்ப்பவர்களைக் குழப்பும். ரத்தத்தில் ஐஎல்-6 அளவு குறையாது, ஏறும். மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. உடல் ஐஎல்-6ஐ அப்புறப்படுத்துவதே ஏற்பி வழியாகத்தான், அந்த வழி அடைபட்டதால் தேங்குகிறது, அவ்வளவே. இன்னொன்று சிஆர்பி. கல்லீரலுக்கு ஐஎல்-6இன் செய்தி போகாததால் சிஆர்பி மளமளவென்று இறங்கிவிடும். அதனால் இந்த மருந்தில் இருப்பவருக்குத் தொற்று வந்தாலும் சிஆர்பி நார்மலாகக் காட்டலாம். இது மிக முக்கியம், டோசிலிசுமாப் எடுப்பவர்கள் வேறொரு மருத்துவரிடம் போகும்போது கட்டாயம் சொல்ல வேண்டியது. நம் நாட்டில் இந்த ஊசி போடும் முன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பதும் இதே காரணத்தைத் தொட்டதுதான்: தொற்றை எதிர்க்கும் ஒரு பாதையை நாமே அடைக்கிறோம்.

யாரும் எதிர்பாராத பயன் 2012ல் வந்தது. பிலடெல்பியாவில் லுகேமியா நோயாளியான ஒரு சிறுமிக்கு, மரபணு மாற்றிய டி செல்களை ஏற்றும் கார்-டி சிகிச்சை கொடுத்தபோது கடுமையான காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தானது. ரத்தத்தில் ஐஎல்-6 வெகுவாக ஏறியிருந்ததைப் பார்த்து மருத்துவர்கள் டோசிலிசுமாப் கொடுத்தார்கள், சிறுமி வேகமாகத் தேறினாள். 2017ல் அமெரிக்கா முதல் கார்-டி சிகிச்சையை அனுமதித்த அதே நாளில், அதன் பக்கவிளைவுக்கு டோசிலிசுமாப்பையும் அனுமதித்தது. கொரோனாவில் அதை முயன்று பார்க்கும் எண்ணத்துக்குப் பின்னணி இந்த அனுபவம்தான். தொடக்கத்தில் முடிவுகள் கலவையாக இருந்தன, கோவாக்டா என்ற சோதனையில் பலன் தெரியவில்லை. பிரிட்டனின் ரெகவரி சோதனை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது, பெரும்பாலானோர் ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 31 சதவீதம், பெறாத பிரிவில் 35 சதவீதம். பலன் உண்மை, ஆனால் அளவானது. வீடு வாசலை அடகு வைத்து எப்படியாவது ஒரு ஊசி வாங்க ஓடிய குடும்பங்களுக்கு இந்த எண்களை அப்போதே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மறுபடி எண்ணிக்கைக்கு வருவோம். மேற்கோள்களை வைத்து வரிசைப்படுத்தினால், கிஷிமோட்டோவின் பட்டியலில் மேலே வந்து நிற்பவற்றில் பல மதிப்பாய்வுக் கட்டுரைகள், அதாவது ஏற்கெனவே தெரிந்ததைத் தொகுத்துச் சொல்பவை. 2014ல் டனாகாவோடும் நராசாகியோடும் எழுதியது ஒரு உதாரணம், கொரோனா காலத்தில் ஐஎல்-6 பற்றி எழுதிய கட்டுரைகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. அவை பயனுள்ளவைதான். ஆனால் டாகாவின் 1989 சோதனை இல்லாமல் அவற்றில் எழுத விஷயமே இருந்திருக்காது. ஏழு நோயாளிகள் கொண்ட 2000ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால், ஒரு மருந்தின் திருப்புமுனை அது என்று யாருக்கும் தெரியாது. நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி போடும்போது இந்த வித்தியாசம் அடிபட்டுப் போகிறது. பதினைந்து வருடம் ஒரே ஏற்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைவிட, வருடத்துக்கு ஆறு தலைப்பில் எழுதுபவர் அந்தக் கணக்கில் முன்னால் நிற்பார். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், கிஷிமோட்டோ ஒரே விஷயத்தைத் தவிர எதையும் தொடாதவர் இல்லை. 1986லேயே பி செல்லில் இருக்கும் ஐஜிஇ ஏற்பியின் அமைப்பு, 1996ல் நாகசாவா முதல் பெயராக, ரத்த செல்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர உதவும் கீமோகைன் என்ற வகைப் புரதம் பற்றிய கட்டுரை என்று கிளைகள் உண்டு. இடையில் 1997 முதல் 2003 வரை ஒசாகா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஹிரானோவும் பின்னாளில் அதே பதவிக்கு வந்தார். 2009ல் கிராஃபூர்ட் பரிசு, 2011ல் ஜப்பான் பரிசு, இரண்டும் இருவருக்கும் சேர்த்தே கிடைத்தன.

பட்டியல் அவரோடு முடியவும் இல்லை. ஐஎல்-6 ஏற்பி மரபணு பிறவியிலேயே செயலிழந்த நோயாளிகளை 2019ல் விவரித்தார்கள். அவர்களுக்கு அடிக்கடி தொற்று வருகிறது, ஆனால் சிஆர்பி ஏறுவதில்லை, டோசிலிசுமாப் எடுப்பவர்களிடம் பார்த்ததை அப்படியே இயற்கையில் பார்ப்பதுபோல. 1989ல் டாகா பார்த்த மிதக்கும் ஏற்பியை ஜெர்மனியில் ஸ்டெஃபான் ரோஸ்-ஜான் பல வருடம் தொடர்ந்தார். ஐஎல்-6இன் அழற்சி வேலைகளில் பெரும்பகுதி இந்த மிதக்கும் வழியில் நடக்கிறது, தொற்றை எதிர்ப்பதும் குடல் சுவரைச் சரிசெய்வதும் செல்லில் பதிந்த ஏற்பி வழியில் நடக்கிறது என்பது அவர் வாதம். அது சரியென்றால் ஏற்பியை மொத்தமாக அடைக்காமல் மிதக்கும் வழியை மட்டும் அடைக்கலாம். ஜிபி130இன் வெளிப்பகுதியை ஆன்டிபாடியின் வாலோடு ஒட்டிச் செய்த ஒலாம்கிசெப்ட் என்ற மருந்து அதைத்தான் முயல்கிறது. பெருங்குடல் அழற்சி நோயாளிகள் 91 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில், அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு வெற்று மருந்தைவிடக் கூடுதல் பலன் தெரிந்ததாக 2023ல் வெளியானது. பெரிய சோதனைகள் இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும்.